குழித்தறியும் உடலின் முன்னறிவிப்பும்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுப் பகுதிகளில் காணப்படும் குழித்தறி, நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, தறிக்கடியில் வெட்டிய குழிக்குள் கால்களை இறக்கி மிதிகளை அழுத்தும் அமைப்புடையது. நீளவாட்டு இழைகளான பாவைக் கால் பிரிக்க, குறுக்கிழையான ஊடையை ஒரு கை செலுத்த, அதை அச்சுப்பலகையால் மறு கை அடித்து நெருக்க, உடல் முழுவதுமே தறியின் உறுப்பாகிவிடுகிறது. புடவையின் உடற்பகுதியையும் கரைகளையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து பிணைக்கும் கோர்வை முறையில் ஊடையைக் கொண்டுசெல்லும் மூன்று நாடாக்கள் தேவைப்படுவதால், பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைக் கையாளும் உதவியாளரும் இந்த உழைப்பில் பங்கு கொள்கிறார்.

ஆயிரக்கணக்கான பட்டிழைகளுள் ஒன்று அறுந்தாலும் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடும் அளவுக்குக் கூர்மையான நெசவாளரின் கவனம், தம் உடலின் பக்கம் மட்டும் திரும்புவதில்லை. நெய்துகொண்டிருப்பவர் இடையிடையே கையை உதறிக்கொள்வதையும், குழியிலிருந்து எழும்போது தறிமரத்தைப் பிடித்துச் சற்று நின்று நிமிர்வதையும் தறிக்கூடங்களில் எளிதாகக் காணலாம். தறியில் உட்கார்ந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்ற ஏற்பு இவற்றைப் பேசுபொருளாகவே ஆக்குவதில்லை. வலி என்று சொல்லத்தக்க நிலைக்கு நெடுநாள் முன்பே வந்துவிடும் இந்தச் சிறு செயல்களே உண்மையில் கவனிக்கப்பட வேண்டியவை.

ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் பாதிப்பு பெரும்பாலும் படிப்படியாக முற்றுகிறது: முதலில் வேலை நேரத்தில் மட்டும் தோன்றும் அசதியும் கடுப்பும் இரவு ஓய்வில் நீங்கிவிடுகின்றன, பின்னர் காலையில் எழும்போதும் விறைப்பு எஞ்சி நிற்கிறது, இறுதியில் சும்மா இருக்கும்போதும் வலி விடுவதில்லை. குனிந்த முதுகையும் கழுத்தையும் ஒரே நிலையில் தாங்கும் தசைகள் தொடர்ந்து இறுகியிருப்பதால் அவற்றுக்குள் இரத்த ஓட்டம் குறைந்து களைப்பு தேங்குகிறது. மணிக்கட்டின் குறுகிய வழியில் நடுநரம்பு நெருக்கப்படும் ‘கார்பல் டனல்’ என்னும் நிலையிலோ, பெருவிரல் முதல் மோதிரவிரலின் ஒரு பாதி வரை குறுகுறுப்பும் மரமரப்பும் தோன்றி, சுண்டுவிரல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இரவில் தூக்கம் கலைந்து கையை உதறினால் இதம் கிடைப்பது இதன் தொடக்ககால அடையாளங்களுள் ஒன்று. மெல்லிய பட்டிழையை முடிச்சிடுகையில் விரல்கள் வழக்கத்துக்கு மாறாகத் தடுமாறுவதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். துணியிலும் சில வேளை தடயம் கிடைக்கும். தோள் களைத்து அச்சுப்பலகையின் அடி தளர்ந்தால் ஊடையின் நெருக்கம் சீராக அமையாது.

தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் எது என்றும் மருத்துவர் கேட்க வேண்டும் என வலியுறுத்தினார். குழித்தறியைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி குழியின் ஆழம் வரை செல்ல வேண்டும். தந்தையின் கால் நீளத்துக்கு வெட்டிய குழியில் மகனோ மருமகளோ அமரும்போது, பாதம் மிதியில் முழுமையாகப் பதியாமல், குழியின் விளிம்பு தொடையின் அடிப்பகுதியை அழுத்திக் கால் மரத்துப்போக இடமுண்டு. இதைத் தனிமனிதரின் பலவீனமாகக் கருதுவது தவறு. அமரும் பலகையின் உயரத்தையும் மிதியின் நிலையையும் மாற்றித் தீர்க்கக்கூடிய அளவுப் பிழை அது.

முடித்த புடவைக்கே கூலி என்ற முறையில் சிறு ஓய்வும் வருவாய் இழப்பாகத் தோன்றுவதால், உடலைக் கவனி என்னும் அறிவுரை மட்டும் நெசவாளரிடம் எடுபடாது; ஓய்வுக்கும் இடம்தரும் கூலியே அந்த அறிவுரைக்குப் பொருள் தரும். வடகிழக்குப் பருவமழையில் குழிக்குள் நீர் ஊறித் தறி நிற்கும் நாள்கள் வருவாயில் கடுமையானவை என்றாலும், உடலைச் சோதித்தறிய அவை உதவும். அந்நாள்களில் நீங்கிய மரமரப்பு தறி ஓடத் தொடங்கியதும் திரும்பினால், தறியின் அமைப்பையும் வேலை நேரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். தறி நின்றும் நீங்காவிட்டாலோ, பிடித்த பொருள் கை நழுவத் தொடங்கினாலோ, அடுத்த பாவு ஏறும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.