பழைய வண்டியும் பழஞ்சுவடியும்

இரும்பை வெல்லும் பொருள் யாது என்று வினவினால் கற்றோர் பலவாறு விடை கூறுவர். எங்கள் பக்கத்து மக்களோ சிறிதும் தயங்காது, "உப்பு" என்பர். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ஊராகிய பெருமுக்கல். ஊரை ஒட்டி நிற்கும் குன்றின்மேல் பழமையான சிவன் கோயில் ஒன்று உண்டு. தொல்பழங்கால மக்கள் பாறையிற் கீறிய உருவங்களும் அங்கே உள்ளன. கல்லில் அமைந்தவை காலத்தை வென்று நிற்கின்றன. அங்கிருந்து கிழக்கே சென்று மரக்காணத்து உப்பளங்களை அடைந்தால் காட்சி மாறிவிடும். ஆங்குள்ள வீடுகளின் சாளரக் கம்பிகளும் கதவுக் கீல்களும் பூட்டுகளும் செம்பொடி பூத்துச் செதில் செதிலாய் உதிர்தலைக் காணலாம்.

இதன் காரணத்தை அறிவியல் நூல்கள் விளக்குகின்றன. இரும்போடு நீரும் காற்றிலுள்ள உயிர்வளியும் கூடுமிடத்துத் துரு உண்டாகிறது. அந்நீரில் உப்புக் கலந்திருப்பின் மின்னோட்டம் அதனூடே எளிதிற் செல்லும். ஆதலால் அரிப்பு விரைந்து நடைபெறும். துருவானது இரும்பைக் காட்டிலும் மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வது; எனவே, மேலே பூசிய வண்ணத்தைப் பிளந்துகொண்டு வெளிப்படும். வெளியே ஒரு சிறு கொப்புளம் தோன்றுமாயின், உள்ளே நெடுநாளாக நோய் பரவியிருக்கிறது என்று அறிதல் வேண்டும்.

இத்தகைய உப்பங்காற்று வீசும் பகுதியில், ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கார் ஒன்றைச் செப்பனிட்டு மீண்டும் ஓடச் செய்தல் எளிய செயலாகுமோ? அச்செயலை என் பழைய மாணாக்கர் ஒருவர் செய்து முடித்தார். அதனை அருகிருந்து கண்டமையால் யான் அறிந்துகொண்டவற்றை ஈண்டுக் கூறுவேன்.

மோட்டார் வண்டியின் வரலாறு மிக நீண்டதன்று. செருமானிய நாட்டில் கார்ல் பென்ஸ் என்பார் தம் மூன்று சக்கர வண்டிக்கு 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் மனைவியார் பெர்த்தா, கணவரிடம் கூறாமலே, தம் மைந்தர் இருவரோடு அத்தகைய வண்டி ஒன்றில் ஏறி நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து தம் தாய் வீட்டை அடைந்தார். எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டபோது, தம் தொப்பியிற் செருகியிருந்த ஊசியால் குத்தி அதனைத் திறந்தார். பிரேக்குக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதற்குத் தோல் பொருத்துவித்தார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். வண்டியை ஓட்டும் கலையும் அதனைப் பேணும் கலையும் ஒருங்கே பிறந்தவை என்பதற்கு அப்பயணமே சான்றாகும்.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. சென்னையில் 1840ஆம் ஆண்டில் தோன்றிய சிம்சன் நிறுவனம் முதற்கண் குதிரை வண்டிகளைக் கட்டி வந்தது. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பார் 1903இல் நீராவியால் இயங்கும் கார் ஒன்றை உருவாக்கினார். கோவை தந்த அறிஞர் ஜி. டி. நாயுடு அவர்கள், 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார். கோவையில் அவர் நினைவைப் போற்றும் அறநிலையத்தார் 2015இல் திறந்த கார் காட்சியகம், பழைய கார்கள் பலவற்றைப் பேணிக் காத்து வருகிறது.

பழைய கார்களை நிறுத்திவைத்துக் காண்பதோடு ஆர்வலர் அமைவதில்லை. அவற்றை ஓட்டியும் மகிழ்வர். இங்கிலாந்தில் 1896ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து பிரைட்டன் என்னும் கடற்கரை நகர்க்குக் கார்கள் அணியாகச் சென்றன. அதன் நினைவாக 1927 முதல் நடந்துவரும் விழாவில், 1905க்கு முன்னர்க் கட்டப்பெற்ற வண்டிகளே கலந்துகொள்ளும். தில்லியில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1964இல் இத்தகைய அணிவகுப்பைத் தொடங்கியது. சென்னையிலும் ஆர்வலர் சங்கங்கள் உள்ளன.

இனி, என் மாணாக்கரின் வண்டிக்கு வருவோம். அது 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் வகையைச் சார்ந்தது. ஹெரால்டு என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கட்டியங் கூறுவோன் என்பது பொருள். சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பகுதியில் அமைந்திருந்த ஆலையில் 1961 முதல் ஹெரால்டு கார்கள் உருவாயின. அதன் அமைப்பிலே ஒரு சிறப்பு உண்டு. அடியில் உறுதியான சேசிஸ் தனியே இருக்க, உடற்பகுதிகள் அதன்மேல் திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். முன்புறத்துப் பேனட்டும் மட்கார்டுகளும் ஒரே மூடியாய் முன்னோக்கித் திறந்துகொள்ளும். எனவே, பழுது பார்ப்போர் எஞ்சினைச் சுற்றிலும் நின்று வேலை செய்யலாம். அந்நிறுவனம் கார் செய்வதை நிறுத்திப் பல்லாண்டுகள் ஆயின. உதிரி உறுப்புகள் கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை.

மரக்காணத்து உப்பு வணிகர் ஒருவர் வாங்கி ஓட்டிய அக்கார், அவர் மறைவுக்குப் பின் உப்பளத்தை அடுத்த கொட்டகையில் நெடுங்காலம் கிடந்தது. பெருமுக்கல் சாலையோரத்தில் டிராக்டர்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்துள்ள என் மாணாக்கர், பழைய இரும்பு விலைக்கே அதனைப் பெற்று வந்தார். அன்று அதன் தரைத்தகடு சல்லடைபோல் இருந்தது. எலிகள் மின்கம்பிகளைக் கடித்திருந்தன. தொட்டியிலிருந்த பெட்ரோல் பிசினாய் இறுகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருந்தது. பிஸ்டன்கள் தம் உருளைகளுள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவற்றை வலிந்து அசைத்தால் உடையும். ஆகவே, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே எண்ணெய் ஊற்றிப் பல நாள் வாளாவிருந்தார். பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கையால் அசைத்துப் பார்த்தார். "இஃது அடம் பிடிக்கும் பிள்ளையைப் போன்றது, ஐயா, அடித்தால் பணியாது" என்றார். ஒருநாள் மாலை, எஞ்சின் ஒரு விரற்கடை சுழன்றது. அன்று அவர் முகத்தில் கண்ட ஒளியை யான் பிறிதொரு முறை கண்டதில்லை.

தகட்டு வேலைக்கு வயது முதிர்ந்த டிங்கர் ஒருவர் வந்தார். வண்ணத்தின்மேல் பட்டி பூசி மறைத்துவிடலாம் என்று அருகிலிருந்தோர் கூறினர். அம்முதியவர் உடன்படவில்லை. துருவேறிய பகுதியை நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி எடுத்தார். புதுத் தகட்டை மரச்சுத்தியால் தட்டி வளைத்து வடிவமாக்கிப் பற்றவைத்தார். அவ்வளைவை அளக்க அவர் அளவுகோலைத் தேடவில்லை. உள்ளங்கையால் தடவியே மேடு பள்ளம் அறிந்தார். அவர் அருகில் இளைஞர் இருவர் நின்று அவ்வித்தையைப் பயின்றனர். கார் ஒன்றைக் காப்பதற்கென்று தொடங்கிய பணி, மறைந்துபோகவிருந்த கைத்திறம் ஒன்றையும் காத்தது.

பணி பாதி நடக்கையில் கைப்பொருள் தீர்ந்தது. மகளின் கல்லூரிக் கட்டணமும் அவ்வமயம் செலுத்த வேண்டியிருந்தது. அந்நிலையில் செல்வர் ஒருவர் வந்து, "பழைய எஞ்சினை நீக்கிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துங்கள், பளபளக்கும் வண்ணம் பூசுங்கள், திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம். செலவு முழுவதும் என்னுடையது" என்றார். மாணாக்கர் மனங்கலங்கி என்பால் வந்து, "என்ன செய்வது, ஐயா?" என்று வினவினார்.

"தம்பி, எஞ்சினைப் பற்றி யான் அறியேன், ஏட்டைப் பற்றி அறிவேன்" என்று கூறி, உ. வே. சாமிநாதையர் அவர்களின் பதிப்புப் பணியை நினைவூட்டினேன். அவர் 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஊர் ஊராய்ச் சென்று சுவடிகளைத் தொகுத்தார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பாட வேறுபாடுகளைக் குறித்தார். செல்லரித்து எழுத்தழிந்த இடங்களில் தம் புலமையால் புதுச்சொற்களை இட்டு நிரப்ப அவரால் இயலாதா? இயலும். ஆயினும், அவ்விடங்களைப் புள்ளியிட்டு விட்டார். அவர் தம் சொல்லைப் புகுத்தியிருப்பின், பழம்புலவர் பாடியது எது, பதிப்பித்தவர் பாடியது எது என்று நாம் இன்று அறியமாட்டோம். "வண்டியும் ஒரு சுவடியே. நீ எதைச் சேர்த்தாலும், சேர்த்தது நீ என்பது பின்வருவோர்க்குத் தெரிய வேண்டும்" என்று கூறினேன், முடிவை அவரிடமே விட்டேன்.

அவர் செல்வரின் பொருளை ஏற்கவில்லை. காரைத் துணியால் மூடிவைத்து, ஓராண்டு டிராக்டர் வேலையே செய்து கட்டணத்தைச் செலுத்தினார். மறு ஆண்டு பணியைத் தொடர்ந்தார். அம்முடிவு சட்டத்திற்கும் இயைந்ததாயிற்று. நடுவணரசு 2021ஆம் ஆண்டு சூலையில் வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டு, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பெறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். அவ்வாறு பதிவு பெற்றவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் முதலியவற்றிற்காகவே சாலையில் ஓட்டலாம்; வாணிகத்திற்கும் அன்றாடப் பயன்பாட்டிற்கும் ஓட்டலாகாது.

பழமையைக் காத்தல் என்பது பழுதையும் காத்தலாகுமா என்று நீங்கள் வினவலாம். ஆகாது. உயிர்க்கு இடர் விளைக்கக்கூடிய உறுப்புகளில் அவர் பழமை பாராட்டவில்லை. இறுகிய பிரேக்கு ரப்பர்களை முற்றிலும் மாற்றினார். டயர்கள் ஓடாது கிடந்தாலும் முதுமையால் வெடிக்கும். ஆதலின் அவற்றையும் நீக்கினார். இன்று விற்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். அதனைத் தாங்கும் குழாய்களை இட்டார். கழற்றிய உறுப்புகளை எறியாமல், பெயரெழுதிய சீட்டுடன் ஒரு பெட்டியில் அடுக்கிவைத்தார். மாற்றியவற்றையெல்லாம் நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதினார். பதிப்பாசிரியரின் அடிக்குறிப்புக்கு அது நிகரன்றோ?

வண்டியின் பின்புறத்தில் மாற்றுச் சக்கரம் ஒன்று இருந்தது. நம் மக்கள் அதனை 'ஸ்டெப்னி' என்பர். வேல்சு நாட்டில் ஸ்டெப்னி என்னும் தெருவிலிருந்த பட்டறையில் அத்தகைய சக்கரம் முதலில் செய்யப்பட்டமையால் அப்பெயர் வந்தது. எனினும், வழியில் நேரும் முறிவுக்கு முன்னரே துணை தேடிக்கொள்ளும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. உமணர் என்னும் உப்பு வணிகர், மேடு பள்ளங்களில் அச்சு முறிதலும் கூடும் என்றெண்ணித் தம் வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிச் சென்றதை, ஒளவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று உவமையாக எடுத்தாள்கிறது. அதற்குச் 'சேமவச்சு' என்று பெயர். உப்பு வணிகர் வண்டியில் சேமவச்சைக் கண்ட தமிழ், உப்பு வணிகரின் காரில் மாற்றுச் சக்கரத்தைக் கண்டு வியவாது.

ஒரு ஞாயிறு வைகறையில் கார் சாலைக்கு வந்தது. யானும் உடன் அமர்ந்தேன். இன்றைய கார்களில் பொறியே செய்துவிடும் பல செயல்களை அதில் ஓட்டுவோரே செய்தல் வேண்டும். முதல் கியரை ஓடும்போது இட்டால் பற்கள் உராய்ந்து ஓலமிடும். வண்டி நின்ற பின்னரே இடவேண்டும். பிரேக்கை நெடுந்தொலைவுக்கு முன்பே மிதிக்கத் தொடங்க வேண்டும். ஓட்டுவோர் கண்ணோடு காதும் விழித்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும் அவர் முதலில் செய்த வேலை, வண்டியின் அடிப்புறம் முழுவதையும் நன்னீரால் கழுவியதே. மேற்புறத்தை ஊரார் காண்பர். அடிப்புறத்தை உப்புக் காணும் என்றார்.

கிழமைக்கு ஒருமுறையேனும் அவர் அக்காரை ஓட்டுகிறார். ஓடாத வண்டியில் எண்ணெய் வடிந்துவிடும், ரப்பர் காய்ந்துவிடும், மின்கலம் வலுவிழக்கும். கற்ற பாடலும் அவ்வாறே, ஓதாதொழியின் மறந்துபோகும். மாணாக்கர்களே, உங்கள் வீட்டில் கார் இல்லாதிருக்கலாம். பாட்டனாரின் கடிகாரமோ, பாட்டியாரின் தையற்பொறியோ, தந்தையாரின் மிதிவண்டியோ இருக்கக்கூடும். அதனைத் துடைத்து, எண்ணெயிட்டு, அதன் இயல்பறிந்து இயக்கிப் பாருங்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்பதையும் ஓர் ஏட்டில் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் அதனைக் கையில் எடுப்பவர் அவ்வேட்டைப் படித்துப் பணியைத் தொடர்வர்.