பறையும் கிற்றாரும்

இசைக்குச் சாதியில்லை என்று கூறுவோர் பலர். ஆயினும், எந்த வாத்தியம் கோயில் வீதியில் ஒலிக்கலாம், எது சாவீட்டு முற்றத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதை நமது சமூகம் நெடுங்காலத்துக்கு முன்னரே வகுத்து வைத்துவிட்டது. அந்த ஏற்பாடு ஒரு மேடையிலே பகிரங்கமாக மறுக்கப்பட்டதை நாம் நேரிற் கண்டிருக்கிறோம்.

2018 ஜனவரி 6ஆந் திகதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில், ஒரு பாடசாலை மைதானத்திலே 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. திரைப்பட நெறியாளர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. உறுப்பினர் 19 பேர். சாதிபேதமற்ற தமிழர் என்னும் அயோத்திதாச பண்டிதரின் (1845–1914) கருத்திலிருந்தே தன் பெயரை அது பெற்றது.

அது மார்கழி மாதம். சபாக்களிற் கச்சேரிகளுக்கு உரிய மாதமென்று பெயர்பெற்ற அம்மாதத்தில், வடசென்னையின் கானா மேடையேறிற்று. கானா, இறந்தவரின் அருகே இரவு முழுவதும் விழித்திருந்து பாடப்படும் பாட்டு; உழைப்பாளர் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு. அதனோடு பறையும் றொக் இசையின் கிற்றாரும் ட்ரம்ஸும் கைகோத்தன. கிற்றார் பறைக்கு அலங்காரமாக வரவில்லை. பறை வகுத்த நடையிலேயே அதுவும் நடந்தது. ஆண்களின் உடைமைபோல் இருந்துவந்த கானாவை இசைவாணி பாடியபோது எழுந்த ஆரவாரம் இன்றும் நம் செவியில் நிற்கிறது. இடஒதுக்கீடு ஏன் வேண்டும் என்பதையும் பாட்டாகவே விளக்கினர். வகுப்பறையில் நாம் ஒரு பாடவேளை முழுவதும் பேசியும் புரியவைக்க இயலாததை, ஆடிக்கொண்டிருந்த இளைஞர் சில நிமிடங்களிற் புரிந்துகொண்டனர்.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கோ அந்த முழக்கம் வேறொரு வினாவையும் எழுப்பிற்று. நம் மண்ணிலே பறை ஒரு கட்டாய ஊழியமாக இருந்தது. ஆதலால், அதனைக் கைவிடுவதே பலருக்கு விடுதலையாயிற்று. 1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் தந்த துணிவை மறந்து, 'நம் தொல்கலையைக் கைவிட்டார்களே' என்று அவர்களை நோக்கி வருந்துவது அநீதி. கீழ்ப்பாக்கத்திற் பறையை ஏந்தியவரும் யாழ்ப்பாணத்தில் அதனை இறக்கி வைத்தவரும் நாடியது ஒன்றே: தன்மானம். ஏந்துவதா, இறக்குவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அடிப்பவனுடையது, கேட்டு மகிழ்பவனுடையதன்று.

அக்குழுவின் பாடல்களை நம் மாணவர் இன்று கைத்தொலைபேசியிற் கேட்டு இரசிக்கின்றனர். நன்று. ஆனால், பறையின் தாளத்துக்குக் காலசைப்பது எளிது. அதை அடித்தவனின் வீட்டிலே கைநனைப்பதும், அவ்வீட்டிற் பெண் எடுப்பதும், தம் ஊர்க் கோயில் நிர்வாகத்தில் அவனுக்குச் சரியாசனம் கேட்பதும் எளிதல்ல. இசை கதவைத் தட்டலாம். திறக்க வேண்டியவர் உள்ளேயிருக்கும் நாமே.