தீபாவளிக்குப் பயப்படாத நாய்

தீபாவளி வந்துவிட்டால் ஈக்காட்டுத்தாங்கல் நாய்கள் எல்லாம் காணாமல் போய்விடும். சில கட்டிலுக்கு அடியில், சில நிற்கிற லாரிக்கு அடியில். 2008 தீபாவளியன்று கலைமகள் நகரில் ஒரு வீட்டு வாசலில் மட்டும் ஒரு வெள்ளை நாய் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி ஆயிரம்வாலா வெடிக்கிறது; அது காதைக்கூட அசைக்கவில்லை!

"ராஜபாளையம்னா சும்மாவா சார்? பயம்னா என்னன்னே தெரியாது" என்று அந்த வீட்டு அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையடித்தார்.

நாயின் பெயர் ராஜா. கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்க்கும் அப்பா, ராஜபாளையத்துக்காரர் ஒருவரிடம் வாங்கி வந்த குட்டி. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. அந்த இனத்தில் இந்த நிறத்துக்குத்தான் மதிப்பு அதிகம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போன ஜாதி.

ஆனால் வீட்டில் ராஜா செய்ததெல்லாம் அட்டகாசம்தான். கூப்பிட்டால் வராது. திட்டினால் முறைக்காது, ஓடாது, சும்மா வேறு பக்கம் பார்க்கும். அதைவிட மோசம், தூங்கும்போது யாராவது தொட்டால் பல் பதிந்துவிடும். ஒரு நாள் விடியற்காலையில் கோலம் போட வந்த பாட்டியின் கை. அடுத்து, ஆசையாகக் கட்டிப்பிடிக்கப் போன எட்டு வயதுப் பையனின் முழங்கை. நல்லவேளை, தொப்புளைச் சுற்றி ஊசி போடும் காலம் அப்போது முடிந்திருந்தது. கையில் போட்ட ஊசிக்கே பையன் ஊரைக் கூட்டினான்.

கடித்த அடுத்த நிமிடம் ராஜா குழைந்து வந்து அதே கையை நக்கும். அதுதான் யாருக்கும் புரியவில்லை. அப்பா குச்சியை எடுப்பார். "திமிரு! இவ்ளோ கத்தறேன், சொல்பேச்சு கேக்குதா பாரு!" மாமா ஒரு படி மேலே போய், "தாம்பரம் தாண்டி எங்கயாவது விட்டுட்டு வந்துருங்க மாமா" என்றார். பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதனால் ராஜா தப்பித்தது.

இப்படியே மூன்று வருடம். 2011-இல் காலில் ஒரு கட்டி வந்து ராஜாவைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். அப்பா வழக்கம்போலப் புகார்ப் பட்டியல் வாசித்தார். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் நாய்க்குப் பின்னால் போய், அதன் கண்ணில் படாதபடி நின்று, ஓங்கிக் கை தட்டினார். பக்கத்து அறையில் இருந்த நாய்கள் குரைத்தன. ராஜா அசையவில்லை.

"இதுக்குக் காது கேக்காதுப்பா. பொறந்ததுலேர்ந்தே."

விஷயம் இதுதான். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் நிறமிச் செல்கள் உள்காதுக்குள்ளும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடும். மருந்து கிடையாது. உடம்பெல்லாம் வெள்ளையாகப் பிறக்கும் குட்டிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். வெள்ளை அதிகமுள்ள டால்மேஷன் இனத்தில், அமெரிக்கக் கணக்குப்படி, சுமார் 30 சதவீத நாய்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காது. நீலக் கண் வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வினே எழுதியிருக்கிறார். எந்த நிறத்துக்காகக் காசு கொடுத்தார்களோ, அந்த நிறத்தோடு வந்த குறை!

காது கேட்காத நாய்க்குக் காலடிச் சத்தம் தெரியாது. தூக்கத்தில் திடீரென்று ஒரு கை மேலே பட்டால் அலறிப் புடைத்துக் கடிக்கிறது. கண்ணைத் திறந்து யாரென்று பார்த்ததும் நக்குகிறது. திமிர் இல்லை, பயம்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி தன் மகனிடம் ஒன்றுதான் கேட்டாள். "சொல்பேச்சு கேக்கல, கேக்கலன்னு அடிச்சியேடா... அதுக்குக் காதே கேக்கலையேடா." அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. குச்சியை அதற்குப் பிறகு யாரும் அந்த வீட்டில் பார்க்கவில்லை.

பிறகு வீடே மாறியது. ராஜா தூங்கினால் கிட்டே போகும் முன் தரையில் காலால் தட்டுவார்கள், அதிர்வில் விழித்துக்கொள்ளும். வாசல் விளக்கை இரண்டு முறை போட்டு அணைத்தால் சாப்பாடு. உள்ளங்கையை மார்புக்கு இழுத்தால் "வா". இரண்டே மாதத்தில் எல்லாம் கற்றுக்கொண்டது. கடிப்பது ஏறக்குறைய நின்றுபோனது.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை மீறி ஊருக்குள் வந்தது. கரண்ட் இல்லை. குடும்பம் மாடிக்கு ஏறிவிட்டது. ராஜா மட்டும் கீழே, முழங்கால் தண்ணீரில், இருட்டில் மிரண்டு நின்றது. கத்தி என்ன பயன்? அப்பா படிக்கட்டில் இறங்கி, டார்ச் வெளிச்சத்தைத் தன் கைமேல் அடித்து, உள்ளங்கையை மார்புக்கு இழுத்தார். இன்னொரு முறை. ராஜா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து படியேறியது. அன்று ராத்திரி முழுக்க அப்பா அதைத் தன் லுங்கியில் துவட்டிக்கொண்டே இருந்தாராம்.

2018-இல் வயதாகி ராஜா செத்துப்போனது. அந்த வீட்டில் இன்றும் யாராவது தூங்கினால், தரையில் காலால் தட்டிவிட்டுத்தான் எழுப்புகிறார்கள்.

நண்பர்களே, வெள்ளைக் குட்டி வாங்கப் போகிறீர்களா? அது தூங்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று கை தட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகள் எழுந்து இது மட்டும் தூங்கினால் வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள். குச்சியை மட்டும் விட்டுவிடுங்கள்.