மெழுகு நீங்கிய பலகை

துருக்கி தேசத்தின் தென்மேற்குக் கரையில் உள்ள போட்ரும் நகரில், சமுத்திரத்தை நோக்கி நீண்டு நிற்கும் பாறையின்மீது பதினைந்தாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ வீரர்கள் எழுப்பிய கோட்டை ஒன்று இருக்கிறது. பண்டை உலகத்தின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாகிய மௌசோலஸ் மன்னனின் சமாதிக் கற்களையும் பெயர்த்து வந்து கட்டிய அக்கோட்டையின் உள்ளேதான், கடலடியில் அகழ்ந்தெடுத்த பொருள்களுக்குரிய காட்சிச்சாலை அமைந்திருக்கிறது. அங்கே நான் நெடுநேரம் நின்றது, பண்டைக் காலத்தில் கடலில் மூழ்கிய உலுபுருன் கப்பலின் சரக்குகளுக்கு முன்னால்.

அக்கப்பல் கிடந்த இடத்தில் 1982-ஆம் ஆண்டில் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர், காது வைத்த பிஸ்கோத்துகளைப் போன்ற உலோகத் துண்டுகளைக் கீழே கண்டதாகச் சொன்னார். நான்கு மூலைகளும் நீண்ட தாமிரப் பாளங்களே அவை என்பதை அறிஞர்கள் உடனே உணர்ந்துகொண்டார்கள். அகழ்வாய்வுக்கு ஜார்ஜ் பாஸும் அவருக்குப்பின் ஜெமால் புலாக்கும் தலைமை வகிக்க, 1984 முதல் 1994 வரை, 44 முதல் 61 மீட்டர் ஆழம் வரையில், மொத்தம் 22,413 முறை மனிதர்கள் அங்கே மூழ்கி எழுந்திருக்கிறார்கள். அத்தனை ஆழத்தில் ஒருவர் ஒரு தடவைக்குச் சுமார் இருபது நிமிஷமே வேலை செய்யலாம் என்பதை நினைக்கும்போது, இங்கே கண்ணாடிக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு மணியும் யாரோ ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டு பொறுக்கிய மணி என்றே எனக்குத் தோன்றியது.

சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய அக்கப்பலில் பத்து டன் தாமிரமும் ஒரு டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலம் வார்ப்பதற்கு வேண்டிய விகிதம் அதுவே. நீலக் கண்ணாடிப் பாளங்கள், ஆப்பிரிக்கக் கருமரம், யானைத் தந்தம், நீர்யானைப் பல், வடகோடிப் பால்டிக் கரையிலிருந்து வந்த ஆம்பர் மணிகள் என்று, ஒருவரையொருவர் ஒருநாளும் கண்டிராத பல தேசத்து மக்களின் உழைப்பு ஒரே மரக்கலத்தில் கூடியிருந்தது. எகிப்திய அரசி நெஃபர்டீட்டியின் பெயர் பொறித்த பொன்வண்டு முத்திரையும் அக்கப்பலில் கிடைத்ததுதான். அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆயினும் என் மனம் சென்று ஒன்றியது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரப்பலகையிடம். புத்தகம்போல் மடித்துத் திறக்கும்படி இரண்டு ஏடுகளைத் தந்தக் கீலால் இணைத்து, மெழுகு பிடித்துக்கொள்வதற்காக உட்புறத்தைக் குடைந்து குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்திருக்கிறார்கள். அம்மெழுகின்மேல் எழுத்தாணியால் எழுதி வைத்தது சரக்குக் கணக்கோ, கடன் விவரமோ, ஓர் அரசன் மற்றோர் அரசனுக்கு அனுப்பிய செய்தியோ, ஒன்றும் மிஞ்சவில்லை. எழுத்தைத் தாங்கிய மெழுகை மட்டும் கடல் கொண்டுபோய், மரத்தையும், கீலையும், அந்தக் கீறல்களையும் திருப்பித் தந்திருக்கிறது. மாதுளம்பழங்களை இட்டு வைத்த பெரிய ஜாடி ஒன்றிலிருந்துதான் அப்பலகை கிடைத்ததாம்.