எங்கள் வீட்டுப் பிரமதண்டு

கோடை வந்தால் எங்கள் கொல்லையில் ரோஜாச் செடிகள் கருகிவிடும். கிணற்றில் ஊறும் நீர் குடிக்கவே போதாது. அப்படியிருக்க, கிரிவலப் பாதையோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவாரின்றி மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நின்ற பிரமதண்டைக் கண்டு எனக்கு ஆசை உண்டாயிற்று. மெக்ஸிகோ நாட்டிலிருந்து வந்த செடி அது. மேல்நாட்டார் தோட்டங்களில் போற்றி வளர்க்கும் பாப்பியும், நம் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவும் அதே குடும்பந்தான்.

"அதன் பெயரே குடியோட்டி. வீட்டுக்குள் கொண்டு வராதே" என்றார் பாட்டி. நான் கேட்கவில்லை. பிடுங்கி வந்து நட்ட செடி மறுநாளே தலை சாய்ந்தது, ஆணிவேர் அறுந்துவிட்டதாம். பிறகு விதையைத் தூவினேன். ஐப்பசி மழைக்கு முளைத்து மாசியில் பூத்தது. இலை முழுதும் முள். கிள்ளினால் மஞ்சள் பால்.

காய் முற்றி வெடித்தபோதுதான் வினை வந்தது. காற்றில் செடி ஆட, கறுத்த விதைகள் அருகே முறத்தில் காய்ந்த கடுகின்மேல் சிதறின. எது கடுகு, எது விதை? பிரித்தறிய முடியவில்லை. 1998-இல் டெல்லியில் இந்த விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால், உடல் வீங்கி 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததைச் சிஸ்டர் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நடுங்கிப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் முறத்துக் கடுகு முழுவதையும் எரித்துவிட்டார். அந்த மௌனத்துக்கு நாலு அடி வாங்கியிருக்கலாம்!

செடியைப் பிடுங்க நானே போனேன். பாட்டிதான் தடுத்தார். "அது என்ன செய்யும்? முறத்தை அங்கே வைத்தவள் நான்" என்றார்.

இப்போது பூ உதிர்ந்ததும் பிஞ்சுக் காயைக் கத்தரியால் நறுக்கிவிடுகிறேன். இன்று காலை எட்டுப் பூக்கள். எண்ணிச் சொன்னவர் பாட்டி.