மூலதனச் செலவும் நோயாளியின் காத்திருப்பும்

அரசு மருத்துவமனைகளின் வரவுசெலவில் கட்டடம், லிஃப்ட், ஸ்கேன் கருவி, ஆக்சிஜன் குழாய்த்தடம் எனப் பல்லாண்டுகள் பயன் தருபவற்றுக்கான ஒதுக்கீடு மூலதனச் செலவு என்றும், ஊதியம், மருந்து, மின்கட்டணம், பராமரிப்பு என ஆண்டுதோறும் திரும்ப வருபவை வருவாய்ச் செலவு என்றும் தனித்தனியே எழுதப்படுகின்றன. ஏட்டில் தெளிவாக நிற்கும் இந்தப் பிரிவு வார்டுக்குள் நுழைந்ததும் மறைந்துபோகிறது. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை மறந்த இடங்களில் புதிய அறைகள் பூட்டிக் கிடக்கின்றன.

சி.டி. ஸ்கேன் கருவிக்கு எஸ்டிமேட் தயாரிக்கும் அனுபவமுள்ள நிலைய மருத்துவ அலுவலர் கருவியின் விலையோடு நின்றுவிடுவதில்லை. கதிர்வீச்சு கசியாத சுவர், இரவு பகலாக ஓடும் ஏ.சி., மின்தடையைத் தாங்கும் யு.பி.எஸ்., ஸ்ட்ரெச்சர் தடையின்றித் திரும்பக்கூடிய கதவு, தேய்ந்ததும் மாற்ற வேண்டிய விலையுயர்ந்த எக்ஸ்ரே குழாய், உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய பராமரிப்பு ஒப்பந்தம், படத்தைப் பார்த்து அறிக்கை தரும் கதிரியல் மருத்துவர் ஆகிய அனைத்தையும் அவர் சேர்த்தே கணக்கிடுகிறார். இவற்றில் ஒன்று குறைந்தாலும், தலையில் அடிபட்டு நள்ளிரவில் கொண்டுவரப்படுபவர், கருவி இருக்கும் கட்டடத்திலிருந்தே வேறு ஊருக்கு அனுப்பப்படுகிறார். 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் மையங்களை நடத்திவருவது, கருவியை வாங்கும் பொறுப்பையும் ஓடவைக்கும் பொறுப்பையும் ஒரே கையில் சேர்த்ததால் மதிக்கத்தக்க ஏற்பாடு.

திறன் என்பது இருக்கிற படுக்கைகளையும் பணியாளர்களையும் கொண்டு, தரம் குறையாமல் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடித்து அனுப்ப முடிகிறது என்பதைக் குறிக்கும். ஸ்கேனுக்காகவோ அறுவை அரங்குக்காகவோ நாள்கணக்கில் காத்திருக்கும் நோயாளி, சிகிச்சை எதுவும் நடக்காமலேயே ஒரு படுக்கையை நிரப்பிக்கொண்டிருக்கிறார். படுக்கைப் பற்றாக்குறை என்று கோப்பில் எழுதப்படுவது பல வேளைகளில் பரிசோதனைப் பற்றாக்குறையே. அங்கே புதிய வார்டு கட்டுவது காத்திருப்போருக்குக் கூடுதல் இடம் தருமேயன்றி, காத்திருப்பைக் குறைக்காது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது இது உயிர்ப் பிரச்சினையாயிற்று: திரவ ஆக்சிஜன் தொட்டி நிரம்பியிருந்தும், சில தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்கென அமைத்த குழாய்களில் எல்லா வார்டுகளும் ஒரே நேரத்தில் இழுத்ததால் கடைசி வார்டில் அழுத்தம் சரிந்தது, திரவத்தை வாயுவாக்கும் சாதனத்தின் மேல் பனி உறைந்தது. திறப்பு விழாவில் எவர் கண்ணிலும் படாத குழாயின் விட்டமும் மூலதனம்தான்.

அணுகல் என்பதில் தூரமும் அடங்கும். 2022 ஜனவரியில் நீலகிரி, இராமநாதபுரம், அரியலூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கோவைக்கு மலையிறங்கியும் மதுரைக்குப் பேருந்தேறியும் சென்றாக வேண்டிய குடும்பங்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆயினும் இத்தகைய செலவு பயனாவது எப்படி என்பதற்கு, 2005இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் வளர்ந்த சீமாங்க் மையங்களே சிறந்த பாடம். 24 மணி நேர அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான அம்மையங்களில் அறுவை அரங்கு, இரத்த வசதி ஆகியவற்றோடு மகப்பேறு, மயக்கவியல், குழந்தைகள்நல மருத்துவர்களின் பணிமுறையும் திட்டத்தின் பகுதியாகவே கருதப்பட்டது.

நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்ற அவசரத்தில் அறை தயாராகும் முன்பே கருவி வந்து இறங்குவதும் உண்டு. இதைவிடக் கவலை தருவது பழைய கருவிகளை மாற்றுவதற்கான பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகள் ஈட்டும் தொகையின் ஒரு பகுதி கருவிகளுக்கும் பழுதுபார்ப்புக்கும் பயன்படுகிறது. அறுவை சிகிச்சைகள் மிகுந்த பெரிய மருத்துவமனைக்கு இது நல்ல வரவு, நோயாளிகளை மேலிடத்துக்கு அனுப்பிவைக்கும் தாலுகா மருத்துவமனைக்கோ சொற்பமே. வசதியில்லாததால் வரவில்லை, வரவில்லாததால் வசதியில்லை என்ற இந்தச் சுழலிலிருந்து தாலுகா மருத்துவமனைகளை மீட்க, காப்பீட்டு வரவைச் சாராத தனி மாற்றுநிதி அவற்றுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டும்.