நாலாவது தாள்

பள்ளி மைக்ரோஸ்கோப்பில் ஒளி கீழிருந்து வரும். இரும்புக்குள் ஒளி போகாது. அதனால் பவுண்டரி ஆய்வகத்து மைக்ரோஸ்கோப்பில் ஒளி லென்ஸ் வழியே இறங்கி, இரும்பில் பட்டு, வந்த வழியே கண்ணுக்குத் திரும்பும். இரும்பு கண்ணாடி மாதிரி இருந்தால்தான் அது நடக்கும். அப்படி ஆக்குவதுதான் என் வேலை.

போத்தனூர் வீட்டிலிருந்து குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு பவுண்டரிக்கு ஆறு வருடம் போனேன். எமரி தாள் நாலு. ஒவ்வொரு தாளுக்கும் சாம்பிளைக் கால்வட்டம் திருப்பித் தேய்க்க வேண்டும், முந்தைய கீறல் முழுக்க மறையும்வரை. பிறகு வெல்வெட் துணிச் சக்கரத்தில் அலுமினாத் தண்ணீர். கழுவி, ஸ்பிரிட் விட்டு, ஹேர் டிரையரில் காயவைப்பேன். அந்த ஹேர் டிரையரைப் பார்த்துச் சிரிக்காத ஆள் அங்கே இல்லை. பொம்பளைக்குப் பொறுமை அதிகம் என்றுதான் எடுத்தார்கள். தேய்க்கப் பொறுமை வேண்டும், சரி. பார்த்ததைச் சொல்ல என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எஸ்.ஜி. இரும்பில் கிராஃபைட் உருண்டையாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் மக்னீசியம் சேர்ப்பது. உருக்கிய இரும்பு லேடிலில் காத்துக் கிடந்தால் மக்னீசியம் குறைந்துவிடும், உருண்டை புழு மாதிரி நெளியும், வார்ப்பு பலம் இழக்கும்.

ஒரு காலை 100 மடங்கில் பார்த்தேன். பாதிக்கு மேல் புழு. கேட்டிருந்தது 85 சதவீதம் உருண்டை.

"85 போட்டுருங்க அம்மிணி, லாரி நிக்குது" என்றார் மேற்பார்வையாளர்.

"நீங்களே பாருங்கண்ணா" என்று எழுந்து இடம் விட்டேன். ஆறு வருடத்தில் முதல்முறை அவர் அந்தக் கண்வில்லையில் கண் வைத்தார். வெகுநேரம் பேசவில்லை. "ராத்திரி கிரேன் நின்னு போச்சுங்க" என்றார் கடைசியில்.

அந்த இரவு நான் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலை செய்ய விட்டதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் அந்தப் பிரிவு செல்லாது என்றது. அதற்கு வெகுகாலம் கழித்தும் எங்கள் இரவு ஷிப்டில் பெண் கிடையாது. ஊற்றும்போது பார்க்கக் கூடாது, காலையில் பழி மட்டும் ஆய்வகத்துக்கு.

அத்தனை வார்ப்பும் திரும்ப உலைக்குப் போனது. "அந்தம்மா சொன்னதால நஷ்டம்" என்று கேன்டீனில் பேச்சு. மறுவாரம் லேடில் நேரம் எழுத ஒரு நோட்டு வந்தது. உருக்குபவர், ஊற்றுபவர், மேற்பார்வையாளர் என்று மூன்று கட்டம். ஆய்வகத்துக்குக் கட்டம் இல்லை. நான் ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்.